மூன்றாவது மாடிக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. கறுப்பு ரெக்சின் போட்டது, ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், சாய்ந்துகொள்ள முதுகு கிடையாது. கனடாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் கேட்டு வாங்கியவற்றில் இதற்குத்தான் அதிகக் காகிதம் செலவாயிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது நாடு முழுக்கக் கிளை பரப்பிய ஒரு சூப்பர் மார்க்கெட்டில். பாலிலிருந்து பனி வாரும் மண்வெட்டி வரைக்கும் அங்கே கிடைக்கும். கல்லாவில் இருக்கிற எங்களுக்கு உட்கார இடம் மட்டும் கிடைக்காது. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எடப்பாடியில் தறி ஓட்டுகிற என் அண்ணன் செல்வராஜ், "வெள்ளக்காரன் நாட்டுக்குப் போயும் நின்னுட்டுத்தான் இருக்கறேங்கற. கேக்கறவன் கேனயனா இருந்தா என்ன வேணாலும் சொல்லுவியா?" என்று சிரிப்பார்.

என் இரண்டு கெண்டைக்கால்களிலும் நரம்பு சுருண்டு புடைத்து நிற்கிறது. இறுக்கமான காலுறை போட்டால்தான் மாலை வரை தாங்கும். மருத்துவர் பார்த்துவிட்டு, இவர் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றுக்கு ஒரு படிவம், படிவத்தைச் சரிபார்க்க இன்னொரு படிவம், இரண்டையும் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் தொலைத்துவிட்டதால் மறுபடியும் முதலிலிருந்து. ஆனியில் கேட்டது கார்த்திகையில் வந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் பிரச்சினை எங்கே, எப்போது தொடங்கியது? நான் யோசிக்காமல், "சேலம், மூன்றாவது மாடி, பதினாறு வருடங்களுக்கு முன்பு" என்று எழுதிவிட்டேன். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சேலம் என்பது முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பெயரா என்று மரியாதையாகக் கேட்டாள். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே உங்கள் மேற்பார்வையாளர் யார் என்று கேட்டாள். சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள்.

பொன்னுசாமி. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அந்தப் பெயர் ஒரு புகார்த் தாளில் ஏறியது அதுதான் முதல் தடவை. அவள் போனை வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவு நாள் இதைச் செய்யாமல் விட்டோமே என்று.

2

அந்தக் கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிளை உண்டு. சேலம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் எதிரில் வருகிற பைகளில் பாதி அந்தப் பைதான். ஐந்து மாடி. மூன்றாவது மாடி பட்டுப்புடவை. எனக்கு அங்கே நான்கு வருட வேலை.

எங்களுக்குப் பெயர் கிடையாது. நீலப்புடவை, கோட், கோட்டில் குத்திய எண். நான் நூற்றுப் பதினான்கு. மாடி முழுக்க நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை போக ஒரே ஒரு டோக்கன். அது திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். காலை ஒன்பதுக்கு ஏறினால் சாப்பாட்டு நேரம் தவிர எங்கேயும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. கூட்டமே இல்லாத நேரத்திலும் நின்றபடிதான் புடவை மடிக்க வேண்டும். நாற்காலியும் ஸ்டூலும் வாடிக்கையாளருக்கு.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வதற்கு ஃப்ளோர் மேனேஜர் பொன்னுசாமி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். எல்லோரும் அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. மாடியின் கோடியில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் நாற்பது பேர் கால்களும் தெரியும். முகம் அவருக்கு நினைவில் நிற்காது, எண் மட்டும் ஒருபோதும் தப்பாது. வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆனவளைக்கூட, "அந்த அறுபத்தேழு இருந்தாளே" என்றுதான் சொல்லுவார்.

எனக்கு ஆறாவது மாதம். அது ஒரு வைகாசி முகூர்த்த நாள். காலையிலிருந்து பதினோரு கல்யாணக் கூட்டம் வந்து போயிருந்தது. இடுப்பு விட்டுப்போய், கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர் எழுந்து போன ஸ்டூல் ஒன்று பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்தேன். எண்ணி இரண்டு நிமிடம் இருக்கும்.

"நூத்திப் பதினாலு. ஏந்திரி."

எழுந்தேன். எழுந்ததோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். கூட்டத்துக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, அவர் சொன்னார்: "நிக்க முடியாதவளுக்கு இங்க என்ன வேல? புள்ள பெத்துக்கோணும்னா ஊட்ல இருக்கோணும். நிக்கறது எப்புடின்னு பொம்மைகிட்டப் போய்க் கத்துக்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் என்னைத் தரைத்தளத்து வாசலில், புடவை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வருகிறவர்களுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகள் எது பொம்மை எது ஆள் என்று தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் என் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் அடுத்த நாள் கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பேன் என்று நின்றார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

3

கதைக்குத் தேவை என்பதால் மல்லிகாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாழப்பாடிப் பெண், எங்கள் மாடியிலேயே கெட்டிக்காரி. ஒரு தடவை மலேசியாவிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் அவள் காட்டிய விதத்தில் மயங்கிப்போய், ஊருக்குத் திரும்பியதும் முதலாளிக்கே ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார்.

முதலாளிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் உயிர். கடிதத்தைச் சட்டம் போட்டு மூன்றாவது மாடியில் மாட்டச் சொன்னார். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இந்தப் பெண் எந்நேரமும் தளத்தில் இருக்க வேண்டும். அன்றோடு மல்லிகாவுக்கு முகூர்த்த நாளில் விடுப்பு போயிற்று. ஞாயிறு போயிற்று. வெளிநாட்டுக்காரர் யார் படியேறினாலும், மல்லிகா சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"அந்தம்மா நல்லா இருக்கட்டுங்க்கா. இன்னொரு கடுதாசி மட்டும் போடாம இருந்தாச் சரி" என்பாள் மல்லிகா.

4

அண்ணன் மகள் சிந்துவுக்கு ஆவணியில் கல்யாணம். மகள் யாழினியோடு ஊருக்குப் போயிருந்தேன். யாழினிக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊர் அவளுக்கு வெயில், கொசு, எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுகிற இடம். அன்றைக்கு என் வயிற்றுக்குள் இருந்தவள் அவள்தான்.

ஜவுளி எடுக்க எந்தக் கடை என்று அண்ணன் கேட்டபோது நான் அந்தக் கடையைச் சொன்னேன். "உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார் அண்ணி. அங்கேதான் என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த நாத்தனார் பேச்சுக்கு வீட்டில் இன்னும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

என் திட்டம் சுலபமானது. பதினெட்டுப் பேர் வேனில் போகிறோம். மாடியில் இருக்கிற எல்லாப் புடவையையும் இறக்க வைப்பது. பொன்னுசாமியை வரவழைத்து அவர் கையாலேயே பிரிக்க வைப்பது. கடைசியில் ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து எதிர்க்கடைக்குப் போவது. கனடாவில் கல்லாவில் நின்றபடி இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

மூன்றாவது மாடி அப்படியே இருந்தது. கண்ணாடி அறை இருந்தது, உள்ளே அவரும் இருந்தார். மீசை நரைத்திருந்தது. புதிதாக இருந்தது ஒன்றுதான்: தூணுக்குப் பின்னால், திரைத்துணி போட்டு மூடிய பிளாஸ்டிக் ஸ்டூல் அடுக்கு. கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று இப்போது சட்டமே வந்திருக்கிறது அல்லவா, அதற்காக வாங்கியது. எங்களுக்குப் புடவை காட்ட வந்த தேவி என்ற சங்ககிரிப் பெண்ணிடம் அதைக் காட்டி, எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"ஐயோ வேண்டாங்க்கா. அது லேபர் ஆபீசர் வந்தா எடுத்துப் போடறதுங்க."

"நான் சொல்றேன், உக்காரு சாமி. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நான் நாளைக்கும் இங்கதாங்க்கா வரோணும். நீங்க எடுக்காமப் போனாலுங்கூட என் நம்பர்லதாங்க எழுதுவாங்க."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கூட்டம் வெறுங்கையோடு போனால், காட்டிய பெண்ணின் எண்ணை நோட்டில் எழுதி மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்பார்கள். நானே அப்படி எத்தனையோ காலை நின்றிருக்கிறேன். நான்கு வருடம் அந்தப் பக்கம் நின்றவளுக்கு, பதினோரு வருடம் கழித்து இந்தப் பக்கம் வந்ததும் அது மறந்துவிட்டது. பொன்னுசாமிக்கு என்று ஓங்கிய கை இவள் மேல் விழ இருந்தது.

நல்ல நேரம் முடிவதற்குள் முதல் புடவை எடுத்தாக வேண்டும் என்று அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவி காட்டிய அரக்குப் புடவையை எடுத்து அவள் எண்ணிலேயே பில் எழுதச் சொன்னேன். சிந்துவுக்குப் பிடித்த இன்னும் மூன்றையும் அவள் எண்ணில்தான் எழுதினார்கள். பிறகு கேட்டேன்: "மேனேஜர் யாருங்க? மிச்சத்த அவரே காட்டட்டும். நாங்க கனடாவுல இருந்து வாரோம்."

கனடா என்ற சொல்லுக்கு அவர் ஓடி வந்தார். "வாங்கக்கா, வாங்க. உக்காருங்க. காப்பி சொல்லுடா." என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை மேல் ஏறி நின்றார்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அந்த மயில் கழுத்துக் கலர எடுங்க." எடுத்தார். "பிரிங்க." பிரித்தார். "முந்தி பாக்கோணும். தோள்ல போட்டுக் காட்டுங்க." போட்டுக் காட்டினார். "இதே கலர்ல கரை சின்னதா." தேவி எடுத்துக் கொடுக்க வந்தபோது, "நீ இரு சாமி, அவரே எடுக்கட்டும்" என்றேன். மாடியில் இருந்த பெண்கள் மடித்துக்கொண்டே பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் வாயைக் கோட்டால் மறைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது மணியில் அவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற ஆரம்பித்தார். அது எனக்கு நன்றாகத் தெரிந்த மாற்றம். மேல்தட்டுக்கு எட்டியபோது பேன்ட் கொஞ்சம் மேலே ஏறியது. கணுக்காலுக்கு மேல் நரம்பு கறுத்துச் சுருண்டு கிடந்தது. என் கால் மாதிரியே. அவரும் கண்ணாடி அறைக்குள் போவதற்கு முன் இங்கே எங்கேயோ வருடக்கணக்கில் நின்றவர்தான்.

இதைப் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் என் மனம் இளகியிருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகிறது என்று விடலாம். இவருக்கு அந்த வலி தெரியும். தெரிந்துதான் என்னைப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அந்தக் கடைசித் தட்டுல இருக்கறதையும் எடுங்க" என்றேன்.

யாழினி என் காதருகே குனிந்து ஆங்கிலத்தில் சொன்னாள், அம்மா, நீ ரொம்பக் கொடுமையாக நடந்துகொள்கிறாய், அவர் பாவம் வயதானவர் என்று. ஆமாம் என்று தமிழில் பதில் சொன்னேன்.

5

கனடா திரும்பிய பிறகும் எனக்கு ஆறவில்லை. மூன்று மணி நேரம் நின்றார், சரி. மறுநாள் காலை மறுபடி கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்திருப்பார். இது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அப்போதுதான் மல்லிகாவின் நினைவு வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாற்பது வருடமாக ஜவுளி எடுக்கும் எங்கள் குடும்பம் இப்படி ஒரு கவனிப்பைக் கண்டதில்லை, தங்கள் சேலம் கிளையின் திரு. பொன்னுசாமி மூன்று மணி நேரம் உட்காராமல், முகம் சுளிக்காமல், தன் கையாலேயே ஒவ்வொரு புடவையாகக் காட்டினார், அறைக்குள் முடங்கிக் கிடக்க வேண்டியவர் அல்லர் அவர், இனி வரும் வெளிநாட்டு வாடிக்கையாளர் அனைவருக்கும் அவரே நின்று காட்டும் பாக்கியம் கிடைக்க வேண்டும் என்று எழுதினேன். தேவியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தப் பெண் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. கீழே பில் எண்ணைப் போட்டு, கனடாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் என்று முடித்தேன்.

முதலாளிக்கு ஆங்கிலத்திலும் ஒரு பிரதி போகட்டும் என்று யாழினியிடம் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்து, என் பிழைகளைத் திருத்தி, இரண்டு நல்ல சொற்களை அவளாகவே சேர்த்தாள். முடித்துவிட்டு என் தோளைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தாத்தாவிடம் நடந்துகொண்டதற்கு நான் பரிகாரம் செய்கிறேன் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஊருக்கு வந்த பிறகு அவளாக வந்து என்னைக் கட்டிக்கொண்டது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். உண்மையைச் சொல்ல நான் வாயெடுக்கவில்லை. இந்த முழு விவகாரத்திலும் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான்.

6

ஸ்டூல் வந்த மறுநாள் காலை. கடை திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. என் கல்லாவில் ஸ்டூலைப் போட்டு உயரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாட்சப்பில் சிந்து கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், சிநேகிதி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அதே கடைக்குப் போயிருக்கிறாள். பின்னால் முகூர்த்தக் கூட்டத்தின் இரைச்சல்.

"அத்தை, நீங்க எழுதுன லெட்டர ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. மேனேஜர் ரூம எடுத்துட்டாங்க அத்தை. அவரு இப்ப நம்ம பக்கம்தான் நிக்கறாரு. லீவே இல்லைங்களாமா."

"அப்படியா சாமி" என்றேன்.

"என்னைய அடையாளம் கண்டுக்கிட்டாரு. உங்க கடுதாசியப் பத்தி வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிட்டே இருக்காரு. முப்பது வருசத்துல தன்னைய ஒருத்தரு பாராட்டுனது இதுதான் மொதத் தடவைன்னு கண்ணுல தண்ணி உட்டுட்டாரு அத்தை. உங்க பேரு கேக்கறாரு. பேரு சொல்லி ஒரு கும்புடு போடோணுமாமா."

நன்றியா? எனக்கு நன்றியா சொல்கிறார்? கால் கடுக்க நின்றுகொண்டு, நிறுத்தியவளைக் கும்பிடுகிறார். அப்படியே விட்டுவிட்டால் அவர் சாகிற வரைக்கும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"பேரு சொல்லாத" என்றேன். "மூணாவது மாடி, நூத்திப் பதினாலுன்னு மட்டும் சொல்லு."

"அது என்னங்க அத்தை?"

"நீ சொல்லு, அவருக்குத் தெரியும்."

அவள் திரும்பிச் சொல்வது கேட்டது. கடை இரைச்சல் அப்படியே இருந்தது. குழந்தை ஒன்று அழுதது, யாரோ காப்பி கொண்டுவரச் சொன்னார்கள்.

"என்ன சொல்றாரு?"

"மொகமெல்லாம் வேர்த்திருச்சு. சுத்திச் சுத்திப் பாக்கறாரு." சிந்துவின் குரல் தாழ்ந்தது. "உக்கார எடம் தேடறாரு போல."

"இருக்குதா?"

"இல்லீங்க அத்தை."

நான் என் ஸ்டூலை ஒரு பிடி உயர்த்தி உட்கார்ந்தேன்.